டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் புற்றுநோய்க் கணக்கும்

தோற்றுவாய்

ஒரு நாட்டின் செல்வம் யாதென வினவுவார்க்குப் பொன்னும் நெல்லும் ஆலையும் வாணிகமும் என விடை கூறுதல் எளிது. ஆயினும் பொன்னைத் தோண்டுவனவும், நெல்லை விளைப்பனவும், ஆலையை இயக்குவனவும் மக்களின் கைகளே. அக்கைகள் தளரின் ஏனைச் செல்வங்கள் யாவும் தளரும். மக்களின் உடல் நலத்தைச் செலவாகக் கருதாது முதலாகக் கருதுவோர் இன்றும் சிலரே. நூறாண்டுகட்கு முன்னரோ மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். பெண்ணுரிமைக்கு உழைத்த தலைவியாக அவரை அறியாதார் தமிழ்நாட்டில் அரியர். புற்றுநோயைக் குறித்து அவர் மேற்கொண்ட முயற்சி, நாட்டின் பொருள் நிலைக்கும் எங்ஙனம் துணையாயிற்று என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. எம் ஊர் வாலாஜாபாத். பாலாற்றங்கரையை அடுத்து, செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்தது. நெல் வயல்களும் பட்டுத் தறிகளும் இப்பக்கத்தாரின் பழைய பிழைப்பு. வண்டலூருக்குச் செல்லும் சாலையில் ஒரகடத்தைச் சூழ மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்த பின்னர், பொழுது விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து இளைஞரையும் பெண்டிரையும் ஏற்றிச் செல்லுதல் எங்கட்கு நாள்தோறும் காணும் காட்சியாயிற்று. எம் தெருவில் வாழ்ந்த அம்மையார் ஒருவரும் அப்பேருந்தில் வேலைக்குச் சென்றுவந்தார். அவர்க்குக் கருப்பை வாய்ப் புற்று உண்டென்பது மிக முற்றிய பின்னரே தெரியவந்தது. அவரது சம்பளம் நின்றது. துணை நிற்கும் பொருட்டுக் கணவரும் வேலையை விட்டார். வீடு அடகில் மூழ்கிற்று. பாலிடெக்னிக்கிற் பயின்றுவந்த மூத்த மகன் படிப்பை நிறுத்திக் கூலிக்குச் சென்றான். ஓராண்டிற்குள் அவர் மறைந்தார். எண்ணிப் பார்க்குமிடத்து, அந்நோய் ஓருயிரை மட்டும் கொண்டுபோகவில்லை. இருவர் உழைப்பையும், ஒரு வீட்டையும், ஓர் இளைஞனின் வருங்காலத்தையும் உடன் கொண்டுபோயிற்று. இத்தகைய இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத அக்கணக்கைத் தம் வீட்டிலேயே கண்டு, வாழ்நாள் முழுவதும் மறவாதிருந்தவர் முத்துலட்சுமி அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர்க் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்து தலைவராயும் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். பெண்கள் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நீங்குதல் அக்காலத்து வழக்கம். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தவாறே தந்தையாரிடம் பயின்று, 1902-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்விற் றேறினார்.

அதற்குமேற் பயில வேண்டின் ஆடவர் கல்லூரியிற் சேர்தலன்றி வேறு வழியில்லை. ஒரு பெண் சேரின் மாணவர் ஒழுக்கம் கெடும் எனப் பலர் தடை கூறினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். ஒரு பெண்ணின் கல்விக்கு அன்று திறக்கப்பட்ட அக்கதவால், பின்னாளில் எத்துணை நோயாளர் வாழ்வு பெறுவர் என்பதை மன்னரும் அறிந்திரார். தடை கூறியவர்களும் அறிந்திரார். கல்வியிற் செலுத்தும் முதல் எப்பொழுது எவ்வழியாகப் பயன் தரும் என்பதை முன்கூட்டிக் கணக்கிடுதல் எவர்க்கும் இயலாதன்றோ?

1907-ஆம் ஆண்டு அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-ஆம் ஆண்டு பட்டம் எய்தினார். எழும்பூரில் உள்ள அரசாங்க மகப்பேற்று மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914-ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்கட்குக் குறுக்கே நிற்றல் கூடாது என அவர் முன்னரே கேட்டுக்கொண்டார் என்பர். ரெட்டியார் அவ்வாறே ஒழுகினார்.

தங்கையின் மறைவு

மருத்துவத் தொழில் நன்கு நடந்துவந்தது. அந்நிலையில், 1923-ஆம் ஆண்டு, அம்மையாரின் தங்கை இளம் வயதில் மலக்குடற் புற்றினால் இறந்தார். தொடக்கத்தில் அந்நோய் சீதபேதி எனக் கருதப்பட்டது. உண்மை விளங்கியபோது காலம் கடந்துவிட்டது. தமக்கையார் மருத்துவர், அவர்தம் கணவரும் அறுவை மருத்துவத்தில் வல்லவர், நகரமோ மாகாணத்தின் தலைநகர். இவை யாவும் இருந்தும் நோய் இன்னதென உரிய காலத்தில் அறியப்படவில்லை. குறை அன்பில் இல்லை, பொருளில் இல்லை, மருத்துவர்தம் முயற்சியிலும் இல்லை. அறிவில் இருந்தது. அதாவது, அந்நோயைப் பற்றி அக்காலத்து மருத்துவ உலகம் அறிந்திருந்தது மிகச் சிறிது.

இவ்விடத்தில் அம்மையாரின் வாழ்வு திரும்பிற்று எனலாம். துயரம் பலர்க்கும் வருவது. அத்துயரத்தை ஒரு வினாவாக மாற்றிக்கொள்ளுதல் சிலர்க்கே கூடுவது. 1925-ஆம் ஆண்டு மேற்படிப்பின் பொருட்டு அவர் இங்கிலாந்து சென்றார். செல்சீ நகர்ப் பெண்கள் மருத்துவமனையிற் பயிற்சி பெற்றார். இலண்டனில் புற்றுநோய்க்கெனவே அமைந்த மருத்துவமனையையும் கண்டார். அங்கே நோயாளரைப் பேணுதலும் நோயை ஆராய்தலும் ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. படுக்கையிற் கண்டதை ஆய்வுக்கூடம் ஆராய்ந்தது. ஆய்வுக்கூடம் கண்டறிந்ததைப் படுக்கையருகே நின்றவர் பயன்படுத்தினர். இத்தகைய நிலையம் ஒன்று தம் நாட்டிலும் வேண்டும் என்ற உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

சட்டசபைப் பணி

இங்கிலாந்திலிருந்து திரும்பிய அம்மையார், சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரை உபதலைவராகத் தேர்ந்தெடுத்தனர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. யாம் ஈண்டு நோக்கற்பாலது வேறொன்று. பள்ளிப் பிள்ளைகளைக் காலந்தோறும் மருத்துவர் சோதித்தல் வேண்டும் என்றும், பெண்கட்கும் குழந்தைகட்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றும் அவர் சட்டசபையில் வற்புறுத்தினார். நோய் முற்றிய பின்னர்ச் செலவிடும் நூறு ரூபாயைவிட, முற்றுமுன் செலவிடும் ஒரு ரூபாய் பெரும்பயன் தரும் என்னும் கொள்கையே இவற்றின் அடிப்படை. 1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்கட்காக அடையாற்றில் அவ்வை இல்லத்தை வளர்த்தார். பதவி போயிற்று, நோக்கம் போகவில்லை.

ரேடியமும் அதன் விலையும்

அக்காலத்துப் புற்றுநோய் மருத்துவத்தின் நிலையை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் வேண்டும். அறுவை ஒன்று, எக்ஸ்ரே, ரேடியம் ஆகியவற்றின் கதிர் மற்றொன்று, இவையன்றி வேறு படை இல்லை. ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி அம்மையார், அதனைப் பிரித்தெடுக்கும் முறைக்குத் தனியுரிமை கோராது உலகிற்கு வழங்கினார். ஆயினும் அப்பொருள் கிடைத்தற்கு அரிதாகலின் அதன் விலை மலைபோல் உயர்ந்து நின்றது. 1921-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் கியூரி அம்மையாரின் ஆய்வுக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கிக் கொடுப்பதற்காக ஒரு இலட்சம் டாலர் திரட்ட வேண்டியதாயிற்று. கண்டறிந்தவர்க்கே ஒரு கிராம் வாங்கப் பொருளில்லை எனின், ஏழை நாட்டு நோயாளரின் நிலையை என்னென்பது! சென்னையில் 1934-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் ஒன்றே இப்பகுதியார்க்குப் பற்றுக்கோடாய் இருந்தது.

1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பழைய மாணவியாக அவ்விழாவிற் பேசிய அம்மையார், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று அமைத்தல் வேண்டும் என்னும் தம் கருத்தை அவையினர்முன் வெளியிட்டார். தங்கை மறைந்து பன்னிரண்டாண்டுகள் கழிந்திருந்தன. அக்கருத்து நிறைவேற மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

சாவார்க்குச் செலவிடலாமோ?

இத்துணைக் காலம் தாழ்த்தமைக்குக் காரணம் யாதோவெனின், பொருளின்மை மட்டும் அன்று, ஒரு கொள்கையுமாம். அம்மையார் அரசாங்கத்தாரிடம் உதவி வேண்டிச் சென்ற காலங்களில், புற்றுநோய் கண்டவர் இறப்பது திண்ணமாதலின் அவர்க்கென மருத்துவமனை எதற்கு என்னும் தடையே எதிர்நின்றது. இத்தடை கொடியவர் கூறியதன்று. சிக்கனத்தை விரும்பிய நல்லோர் கூறியது. மலேரியாவும் காசமும் காலராவும் இலட்சக்கணக்கானோரை மாய்த்த காலம் அது. உள்ள சிறு தொகையைப் பிழைக்கத்தக்கார்க்குச் செலவிடுதலே முறையென அவர்கள் கருதினர். மேலாகப் பார்ப்பின் இவ்வாதம் வலியுடையதே.

எனினும் அதனுள் ஒரு பிழை மறைந்துள்ளது. என்னையெனின், புற்றுநோயாளர் இறப்பது திண்ணம் என்பது இயற்கையின் சட்டமன்று. அக்காலத்து அறியாமையின் அளவே. அறியாமையைக் காரணமாகக் காட்டி அறிவைத் தேடும் செலவை மறுத்தல், கிணறு தோண்டாமைக்குத் தண்ணீரின்மையைக் காரணம் காட்டுதல் போலும். அம்மையார் இதனை நன்குணர்ந்திருந்தார். பெண்களின் சங்கமாகிய இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதியொன்று தோற்றுவித்துப் பொதுமக்களிடம் கையேந்தினார். செல்வரும் கொடுத்தனர், எளியவரும் கொடுத்தனர். தம் மைந்தர் கிருஷ்ணமூர்த்தியாரை மேனாட்டிற்கு அனுப்பிப் புற்றுநோய் மருத்துவம் பயில்வித்தார்.

அடையாற்று நிலையம்

1952-ஆம் ஆண்டு பிரதமர் ஜவஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது. அந்நாளில் அங்கிருந்தவை 12 படுக்கைகளே. அம்மையாருக்கு அப்போது வயது 67. அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண், அரசாங்க மருத்துவமனையிற் கிடைத்த உறுதியான உத்தியோகத்தை விடுத்து, இங்கு வந்து சேர்ந்தார். முதல் மூன்றாண்டுகள் அவர்க்குச் சம்பளம் இல்லை. பின்னர்த் திங்கள் ஒன்றுக்கு 200 ரூபாயும் நிலையத்துள் ஓர் உறைவிடமும் அளிக்கப்பட்டன. அவர் 2021-ஆம் ஆண்டு தாம் மறையும்வரை அந்நிலையத்தை விட்டு நீங்கவில்லை. இவ்வாறு குறைந்த பொருளும் நிறைந்த உழைப்பும் கொண்டே நிலையம் வளர்ந்தது.

சில ஆண்டுகளுள் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்க்கருவி ஒன்று நன்கொடையாக வந்தது. இந்தியாவிற்கு வந்த இவ்வகைக் கருவிகளுள் முதலாவது அதுவே. இதனாற் பெறப்படும் உண்மை ஆராயத்தக்கது. அணுவைப் பற்றிய ஆராய்ச்சியின் பயனாக, சாதாரண உலோகமாகிய கோபால்ட்டை அணு உலையில் வைத்துக் கதிர் வீசும் பொருளாக மாற்ற அறிஞர் கற்றனர். கருவி ஒன்றினுள் அமையும் சிறு துண்டு, நூற்றுக்கணக்கான கிராம் ரேடியத்திற்கு ஈடான கதிரை வீசிற்று. 1921-இல் ஒரு கிராமுக்கு இலட்சம் டாலர் திரட்டிய உலகிற்கு இஃது எத்துணைப் பெரிய பேறு! ஆராய்ச்சி புதியதைத் தருவதோடு அமையாது, பழையதன் விலையையும் குறைக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. அம்மையார் பயின்ற அதே கல்லூரியில் அவர்க்குப் பின்னர்ப் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ஆம் ஆண்டு ஆந்திர நாட்டிற் பிறந்த இவர், அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தார். அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகளும் அவர் குழுவினரின் ஆய்வில் உருவாயின. அவற்றுள் ஒன்றைக் கொண்டு பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுற்ற குழந்தைகளின் நோயைச் சிறிது காலம் தணியச் செய்தார். அச்செய்தி 1948-ஆம் ஆண்டு வெளியாயிற்று. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே மறைந்தார். அவ்வழித் தோன்றிய மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து இன்றும் வழங்குகின்றது. புற்றுக்கன்றி முடக்குவாதத்திற்கும் உதவுகின்றது. இரத்தசோகையைத் தீர்க்கும் பொருளைத் தேடிய ஆராய்ச்சி புற்றுக்கு மருந்தாயிற்று; புற்றுக்குக் கண்ட மருந்து மூட்டு நோயாளரை மீண்டும் வேலைக்கு அனுப்பிற்று. ஆராய்ச்சியின் பயன் வாய்க்காலிற் பாயும் நீர் போன்றது. இறைத்தவர் வயலோடு நில்லாது அடுத்தவர் வயலையும் நனைக்கும். அடையாற்று நிலையத்திலும் 1960-ஆம் ஆண்டு குழந்தைகட்கெனத் தனிப்பிரிவு தோன்றிற்று.

மறைவு

1956-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கத்தார் அம்மையார்க்குப் பத்மபூஷண் விருது வழங்கினர். 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில், அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்களில், எம் பக்கத்து நகராகிய காஞ்சிபுரத்திற் பிறந்து முதலமைச்சராய் உயர்ந்த அறிஞர் அண்ணா, உணவுக்குழற் புற்றினால் அந்நிலையத்திலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாகக் காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்று வாலாஜாபாத்து நோயாளர் பலர் சென்னை வரை அலையாமல் அங்குச் செல்கின்றனர். ஒரு காலத்தில் சாவார்க்குச் செலவிடுதல் வீண் எனக் கருதிய அரசாங்கமே, அம்மையார் மறைந்து ஓராண்டின் எல்லையில் இத்தகைய மருத்துவமனையைத் தானே நிறுவியது காண்க.

முதலும் வட்டியும்

நிற்க. அன்று எழுந்த வினாவிற்குப் பிற்காலத்துப் பொருளியலார் எண்ணால் விடை கூறியுள்ளனர். கெவின் மர்பி, ராபர்ட் டோபல் என்னும் சிக்காகோப் பேராசிரியர் இருவர் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், புற்றுநோயால் நேரும் இறப்பு நிலையாக 1 விழுக்காடு குறையுமாயின், அமெரிக்க மக்கட்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 50,000 கோடி டாலர் ஆகும் எனக் கணக்கிட்டனர். பிரிட்டனில் 2014-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, புற்றுநோய் ஆராய்ச்சியிற் பொதுமக்கள் இடும் ஒரு பவுன், ஆண்டுதோறும் 40 பென்ஸ் அளவு பயனைத் திருப்பித் தருகின்றது எனக் கூறிற்று. அவற்றுள் 10 பென்ஸ் நோயாளர் பெற்ற நலத்தின் மதிப்பு. எஞ்சிய 30 பென்ஸ், ஆராய்ச்சியைச் சார்ந்து வளரும் தொழில்களாலும் அறிவாலும் நாட்டிற்குக் கிடைப்பது. நூற்றுக்கு நாற்பது வட்டி தரும் தொழில் உலகில் எத்தனை உள?

அற்றேல், இவை செல்வ நாடுகளின் கணக்கன்றோ, ஏழை நாடு பிறர் கண்ட மருந்தை வாங்கிக்கொண்டாற் போதாதோ என ஒருவர் வினவலாம். போதாது என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. கருப்பை வாய்ப் புற்றை முன்னறிதற்கு மேனாட்டார் கைக்கொண்ட முறைக்கு நுண்ணோக்கியும் பயின்ற வல்லுநரும் வேண்டும். நம் சிற்றூர்கட்கு அஃது எளிதிற் கூடாது. நீர் கலந்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள புளிப்புப் பொருளை, கருப்பை வாயில் தடவினால், கேடுற்ற இடம் சிறிது நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் கண்ணாற் கண்டே அறியலாம். இம்முறை உண்மையில் உயிரைக் காக்குமோ என்பதை அறிய, அம்பிலிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவ நிலையத்தாரும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கூடித் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தனர். அடையாற்று நிலையத்தாரும் இவ்வாய்விற் பங்கு கொண்டனர். 30 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 80,000 பெண்கள் இருவகையாகப் பிரிக்கப்பட்டனர். சோதனை அளிக்கப்பட்ட ஊர்களில் அந்நோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்தமை 2007-ஆம் ஆண்டு வெளியாயிற்று. சில துளி அமிலமும், ஒரு விளக்கும், ஒரு நர்ஸின் பயிற்சியும் செய்த வேலை இது. அமிலம் எங்கும் கிடைப்பது. அதனால் இத்துணை உயிர் பிழைக்கும் என்னும் அறிவு எங்கும் கிடைப்பதன்று. அவ்வறிவை விளைவித்தது நம் நாட்டு மண்ணில் நிகழ்ந்த ஆராய்ச்சியே.

நோய்த் தொகையைத் தெரிந்துகொள்ளுதலும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாம். அடையாற்று நிலையத்தார் 1981-ஆம் ஆண்டு முதற் சென்னை நகரத்துப் புற்றுநோயாளரைப் பதிவு செய்து வருகின்றனர். அப்பதிவேட்டின் வாயிலாகவே, பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுக் குறைந்துவர மார்பகப் புற்று ஏறிவருகின்றது என்னும் உண்மை விளங்கிற்று. எங்கே படுக்கை வேண்டும், எங்கே சோதனை வேண்டும் என்பதை ஏடு காட்டும். ஏடின்றிச் செலவிடுதல் இருளில் நெல் விதைப்பது போலாம். இந்தியா முழுவதும் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 இலட்சம் பேர்க்குப் புதிதாக இந்நோய் கண்டது என்பர். அவருட் பலர் உழைக்கும் வயதினர். இவ்வெண்ணை நோக்கின் பதிவேட்டின் இன்றியமையாமை இனிது விளங்கும்.

ஈண்டு ஒன்று மறைத்தலாகாது. ஆராய்ச்சியின் பயன் ஏழையின் வாயிலை எட்டுதற்கு விலை பெருந்தடையாக நிற்பதும் உண்டு. ஒருவகை இரத்தப் புற்றுக்கு 2001-ஆம் ஆண்டு வழக்கிற்கு வந்த இமாட்டினிப் என்னும் மாத்திரை, சில ஆண்டுகளில் இறக்க வேண்டியவரை நெடுநாள் வாழச் செய்தது. கண்டுபிடித்த நிறுவனத்தாரின் விலையோ இந்தியாவில் திங்களுக்கு இலட்சம் ரூபாய்க்கு மேல். நம் நாட்டு நிறுவனங்கள் செய்த மாத்திரையின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அந்நிறுவனத்தார் கோரிய தனியுரிமையை 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மறுத்தமையால் அக்குறைந்த விலை நிலைபெற்றது. ஆராய்ச்சி செய்தார்க்கு ஊதியம் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் பொதுப்பொருளால் விளைந்த அறிவின் பயன் பொதுமக்களையும் சேர்தல் வேண்டும். தனியார் ஊதியத்தை மட்டும் கருதின், அமிலத் துளியை ஆராய எவர் முன்வருவர்? அதனை விற்றுப் பெறும் பொருள் மிகச் சிறிது. ஆதலின் அத்தகைய ஆராய்ச்சிக்கு அரசாங்கமும், அறநிலையங்களும், அம்மையாரைப் போற் கையேந்தத் துணிந்தவர்களுமே முதல் இடுதல் வேண்டும்.

முடிவுரை

மீண்டும் எம் தெருவை நினைக்கின்றேன். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் நிகழ்ந்த சோதனை அவ்வம்மையாரைச் சில ஆண்டுகட்கு முன்னர் வந்தடைந்திருப்பின், சில நாட் சிகிச்சையோடு அவர் மீண்டும் பேருந்தேறியிருக்கக்கூடும். வீடு மீந்திருக்கும், மகன் படிப்பை முடித்திருப்பான், தொழிற்சாலைக்குப் பழகிய கையொன்று இழப்பாகியிராது. எம் பக்கத்தில் தொழிற்சாலை அமைப்போர் சாலையையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் முதலிற் கணக்கெடுப்பர். அவற்றை இயக்கும் பெண்ணின் உடலையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே யான் அம்மையாரின் வரலாற்றிற் கற்ற பாடம்.

முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையை மீட்க இயலவில்லை. அவ்விழப்பிற்குப் பின் முப்பத்தோராண்டுகள் உழைத்து 12 படுக்கைகளை அமைத்தார். இன்று அந்நிலையம் 400-க்கு மேற்பட்ட படுக்கைகளோடும், அவர் பெயர் தாங்கி 1984-ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரியோடும், ஆராய்ச்சிக் கூடங்களோடும் விளங்குகின்றது. அங்குச் செல்வோருட் பெரும்பகுதியார் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெறுகின்றனர். சாவார்க்குச் செலவிடலாமோ என்னும் வினாவிற்கு அம்மையார் சொற்களால் விடையிறுத்திலர். பிழைத்து எழுந்து, வயலுக்கும் தறிக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பிச் சென்ற மக்களே அவர்தம் விடையாவர்.